பேஸ் கிட்டாரும் தஞ்சாவூர் வீணையும் – விரல்பலகைக்கு எந்த மரம்?

இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் ஒரு வியாதி பிடித்துக்கொள்ளும். பாடகர் என்ன பாடுகிறார் என்பது காதில் விழாது. அடியில் அந்த நாலு கம்பி என்ன சொல்கிறது என்பதுதான் கேட்கும். இந்த வியாதி முற்றினால் அடுத்த கட்டம், சொந்தமாக ஒரு பேஸ் வாங்குவது. அதையும் தாண்டி முற்றினால், ஒரு பேஸைத் தன் விருப்பப்படி செய்துகொள்வது. அங்கேதான் இந்தக் கேள்வி வந்து நிற்கும்: கழுத்தின்மேல் ஒட்டும் அந்த நீளப் பலகைக்கு, விரல் ஓடும் பலகைக்கு, என்ன மரம் போடுவது?

தஞ்சாவூரில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்பவனுக்கு ஒரு வசதி உண்டு. நரம்பு வாத்தியத்தை மரத்தில் செய்வதையே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாக வைத்திருக்கும் ஊர் அது. அந்த ஊர்க்காரர்கள் இந்தக் கேள்விக்கு எப்போதோ ஒரு விடை கண்டுவிட்டார்கள். ஆனால் அந்த விடை எந்தக் கிட்டார் புத்தகத்திலும் இருக்காது. அதற்கு முன் கிட்டார்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

கிட்டார் உலகத்தில் மூன்று மரங்களுக்குள்தான் சண்டை. மேப்பிள், ரோஸ்வுட், எபோனி. மேப்பிள் இங்கே விளையாத மரம். மற்ற இரண்டும் ஆங்கிலப் பெயரில் வந்தாலும் சொந்தக்காரர்கள்தான். ரோஸ்வுட் என்பது ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வார்கள். எபோனி என்பது கருங்காலி. (கடையில் போய் 'கருங்காலி வேண்டும்' என்று மொட்டையாகக் கேட்டால், சில வருஷமாக அதற்கு வந்திருக்கும் மவுசில் கழுத்தில் போடும் மாலையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதிலும் ஒரு குழப்பம். கருங்காலி என்ற பெயர் இரண்டு வேறு வேறு மரங்களுக்கு வழங்குகிறது. கிட்டாருக்கு வேண்டியது டயோஸ்பைரஸ் வகையைச் சேர்ந்தது. சித்த மருந்தில் வரும் கருங்காலி கருவேல மரத்தின் உறவு.)

லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது விரல்பலகை என்று தனியாக ஒன்றே கிடையாது. கழுத்து முழுக்க ஒரே மேப்பிள் கட்டை, அதிலேயே ஃப்ரெட்டுகளை அறைந்துவிட்டார். 1959-ல்தான் மேப்பிள் கழுத்தின்மேல் ரோஸ்வுட் பலகை ஒட்டும் வழக்கம் அந்த பேஸில் வந்தது. மேப்பிளில் வியர்வையும் அழுக்கும் ஏறி நிறம் கெட்டுவிடும், அதனால் மேலே வார்னிஷ் பூசித்தான் ஆகவேண்டும். ரோஸ்வுட்டுக்கும் எபோனிக்கும் அந்தத் தொல்லை இல்லை. அவ்வப்போது கொஞ்சம் எண்ணெய் தடவினால் போதும்.

அப்புறம் சத்தம். மேப்பிள் போட்டால் பளிச்சென்று இருக்கும், ரோஸ்வுட் போட்டால் கதகதப்பாக இருக்கும், எபோனி போட்டால் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் என்று எழுதாதவர்களே இல்லை. படிக்கும்போது ஒயின் விமர்சனம் மாதிரி இருக்கும். 2018-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஒரே அமைப்பில் ஆறு அக்கூஸ்டிக் கிட்டார்கள், பின்பக்க மரமும் பக்கவாட்டு மரமும் மட்டும் வேறு வேறு. 52 கிட்டார்க்காரர்களுக்கு வெல்டிங் கண்ணாடியை மாட்டி, மரம் தெரியாதபடி இருட்டில் வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பெண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. அது விரல்பலகையைப் பற்றிய சோதனை இல்லைதான். ஆனாலும் ஒரு பெட்டி முழுக்க அதிரும் வாத்தியத்தில் மரத்தின் பங்கே இவ்வளவுதான் என்றால், மின்காந்தப் பிக்கப் வைத்து ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கேட்கும் பேஸில், கழுத்தின்மேல் ஒட்டிய அரைவிரல் கனப் பலகையின் பங்கு எவ்வளவு இருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

இதை யோசிக்க ஒரு சின்னக் கேள்வி போதும். கம்பி எதைத் தொடுகிறது?

ஃப்ரெட் உள்ள பேஸில் கம்பியை விரலால் அழுத்தினால் அது போய் உட்காருவது உலோகத்தின்மேல். மரத்தின்மேல் இல்லை. மரம் அந்த உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. அதாவது விரல்பலகையின் முதல் வேலை பாடுவது இல்லை, பிடித்துக்கொள்வது.

இப்போது வீணைக்கு வரலாம்.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்வது. மரம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும். குடம், தண்டி, யாளி முகம் எல்லாவற்றையும் ஒரே கட்டையில் குடைந்து எடுத்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. பலா மரத்துக்குக் காரணங்கள் உண்டு. கனம் குறைவு, நாதம் நன்றாக வரும், கரையான் சீக்கிரம் அண்டாது. மிருதங்கம், தவில், தம்பூரா எல்லாம் இதே பலாதான். டெல்டாவில் கச்சேரி மேடையைப் பார்த்தால் பாதி பலாத் தோப்புதான் :-)

ஆனால் அந்த வீணையின் விரல்பலகை என்ன மரம் என்று கேட்டால்? மரமே இல்லை. மெழுகு.

தேன்மெழுகோடு கரித்தூளைச் சேர்த்துக் காய்ச்சி, தண்டியின் இரண்டு ஓரத்திலும் நீளமாக இரண்டு வரப்பு கட்டுகிறார்கள். வயலுக்கு வரப்பு கட்டுகிற மாதிரியேதான். அந்த இரண்டு கறுப்பு வரப்புகளின்மேல் குறுக்கே 24 உலோக மெட்டுகளைப் பதிக்கிறார்கள். நடுவில் வெற்றிடம். கம்பியும் சரி விரலும் சரி, தண்டியின் மரத்தைத் தொடவே தொடாது. இப்படி மெட்டுகளை வைத்துச் சுருதி சேர்க்கும் வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். ரகுநாத நாயக்கர் தஞ்சையை ஆண்ட 17-ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில்தான் 24 மெட்டுகளும் நிலையாக அமைந்த இந்த வீணை உருவானது என்பது மரபு. அதனால் ரகுநாத வீணை என்றும் பெயர்.

ஏன் மெழுகு? மரத்தில் வாளால் கீறி மெட்டை அறைந்திருக்கலாமே, ஆசாரிகளுக்கு அது தெரியாதா என்ன?

கிட்டார் கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட் எங்கே வரவேண்டும் என்பதைக் கால்குலேட்டர் சொல்லிவிடும். கம்பியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் சுமார் 48.5 மில்லிமீட்டர். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த ஃப்ரெட். வாளால் அந்த இடத்தில் கீறி அறைந்தால் முடிந்தது. அதன்பிறகு அந்தக் கிட்டாரின் ஆயுசு முழுக்க அந்த ஸ்வரம் அங்கேதான். கம்பியின் கனம் மாறினாலும், வாசிப்பவரின் அழுத்தம் மாறினாலும், மரம் கீறிய இடம் நகராது.

மேளம் கட்டுபவர் கையில் கால்குலேட்டர் இல்லை, காதுதான் இருக்கிறது. மெழுகு இளகியிருக்கும்போது மெட்டை நகர்த்தி, தந்தியை மீட்டி, கேட்டு, மறுபடி ஒரு நூல் நகர்த்தி, அப்படியே 24 மெட்டையும் அந்த ஒரு வீணைக்கு, அந்தத் தந்திகளுக்கு ஏற்றபடி வைக்கிறார். வீணையில் கமகம் என்பது தந்தியை மெட்டின்மேலேயே பக்கவாட்டில் இழுத்து வருவது. ஒரே மெட்டில் நின்றுகொண்டு இரண்டு மூன்று ஸ்வரம் மேலே போய்வருவார்கள். வருஷக்கணக்கில் அப்படி இழுத்தால் மெட்டு தேயும், மெழுகும் தளரும். அப்போது பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டிக்கொள்ளலாம். தண்டிக்கு ஒரு கீறல் விழாது. கிட்டாரில் தேய்ந்த ஃப்ரெட்டைப் பிடுங்கினால் கூடவே மரத்துகளும் பெயர்ந்து வரும். எபோனி இதில் ரொம்ப மோசம், சில்லு சில்லாக உடையும். ஒரு பலகை இத்தனை முறைதான் தாங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மெழுகுக்கும் குறை உண்டு. சித்திரை வெயிலில் வீணையைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது மெட்டெல்லாம் அதனதன் இஷ்டத்துக்கு நிற்கும். அதற்காக பேஸில் மெழுகு வைக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்த யோசனையைக் கவனிக்கவேண்டும். எது தேயுமோ அதை மாற்றக்கூடியதாக வை, எது பாடவேண்டுமோ அதைத் தொடாமல் விடு. இப்படி ஒரு தெளிவு கிட்டார் விளம்பரங்களில் கிடைக்காது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் யாளி முகத்தையும் குடத்தின் வேலைப்பாட்டையும்தான் படம் எடுத்தார்கள். கறுப்பாக, அழகில்லாமல் கிடக்கும் அந்த மெழுகு வரப்பைத் தனியாகப் படம் எடுத்தவர்கள் குறைவுதான்.

ஃப்ரெட் இல்லாத பேஸ் என்றால் கதையே வேறு. அங்கே கம்பி நேராக மரத்தின்மேல் உட்காருகிறது. மரம்தான் ஃப்ரெட். ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1976-ல் தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு அந்த முனகல் தெரியும். அவர் வாசித்தது 1962 மாடல் ஜாஸ் பேஸ். ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, பள்ளங்களை மரப்பசையால் நிரப்பி, மேலே படகுக்கு அடிக்கும் எபாக்சியைப் பூசிய பலகை. காரணம் ரொம்ப எளிமை. அவர் போட்ட ரவுண்ட்வவுண்ட் கம்பி, மேலே சுற்றிய கம்பி வரிவரியாக இருப்பது, வெறும் ரோஸ்வுட்டை அரம் மாதிரி அராவிவிடும். ரோஸ்வுட் ஒன்றும் மெத்தென்ற மரம் இல்லை. மரத்தின் கடினத்தை அளக்கும் ஜான்கா அளவையில் மேப்பிள் சுமார் 1450 என்றால் இந்திய ரோஸ்வுட் சுமார் 2440. அதையே அராவுகிறது என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கும் காவிரிக்கரையில் ஒரு பதில் இருக்கிறது. கோட்டுவாத்தியம். வீணையின் தம்பி, மெட்டுகள் இல்லாதது. திருவிடைமருதூர் சகாராம ராவும், தஞ்சைக்குப் பக்கத்துப் பூதலூரைச் சேர்ந்த கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அதை மேடைக்குக் கொண்டுவந்து புகழ் சேர்த்தவர்கள். மெட்டு இல்லையென்றால் கம்பி பலகையைத் தொட்டாகவேண்டும் என்றுதானே நினைப்போம்? அவர்கள் அப்படி விடவில்லை. கம்பிக்கு மேலே ஒரு உருளைக் கட்டையை வைத்து வழுக்கிக்கொண்டே போவார்கள். அந்தக் கட்டைக்குப் போட்ட மரம், கருங்காலி! கம்பியைத் தொடும் மரத்துக்கு இருப்பதிலேயே கடினமான, வழவழப்பான மரம் வேண்டும் என்று இங்கேயும் அதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் நீளப் பலகைக்குப் பதிலாகக் கைக்குள் அடங்கும் ஒரு துண்டில் வேலையை முடித்துவிட்டார்கள். தேய்ந்தால் வேறு கட்டை. இப்போது பலர் டெஃப்லான் கட்டை வைத்து வாசிக்கிறார்கள், கருங்காலியைவிட நன்றாக வழுக்குகிறது.

அடுத்தது ஈரம். டெல்டாவில் பேஸ் வைத்திருப்பவர்கள் மரத்தின் நிறத்தைப் பார்க்குமுன் இதைத்தான் பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வீட்டுக் கதவே நிலையில் உட்காராது. அதே கதவு பங்குனியில் தானாகத் திறந்துகொள்ளும். மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. விரல்பலகை சுருங்கினால் ஃப்ரெட்டின் நுனிகள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். பச்சை மரம் முழுக்கக் காயும்போது மேப்பிள் ஆரவாக்கில் 4.8 சதவீதம், வளையவாக்கில் 9.9 சதவீதம் சுருங்குகிறது. இந்திய ரோஸ்வுட்டுக்கு அது 2.7, 5.8. ஏறக்குறைய பாதி. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஏசி இல்லாத அறையில் மாட்டி வைக்கப்போகும் பேஸுக்கு, 'கதகதப்பான டோன்' என்பதைவிட இந்த எண்கள்தான் ரோஸ்வுட்டைச் சிபாரிசு செய்யும் நல்ல காரணம். இரண்டு எண்களில் சின்னது ஆரவாக்குக்கு உரியது என்பதையும் கவனிக்கலாம். வருட வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த துண்டாகப் பார்த்து வாங்கினால் அகலத்தில் அசைவு இன்னும் குறையும். பலகையின் குறுக்குவெட்டு முனையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கோடுகள் மேலும் கீழுமாக நின்றால் நல்லது.

காய்ந்த மரம் என்றால் எப்படிக் காய்ந்த மரம்? இதற்கு நரசிங்கம்பேட்டைக்குப் போகவேண்டும். ஆடுதுறைக்குப் பக்கத்து ஊர். அங்கே நாகஸ்வரம் செய்வது ஆச்சா மரத்தில். புது மரத்தை வெட்டி வந்து செய்வதில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகளாக அந்த மழைக்கும் அந்த வெயிலுக்கும் ஊதிச் சுருங்கி ஊதிச் சுருங்கி அடங்கிப்போன மரம், இனி ஆடாது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேஸ் செய்ய நினைப்பவன் இதையே செய்யலாம். இடிக்கிற வீட்டில் ஈட்டி மரக் கட்டிலோ பீரோவோ கிடைத்தால் ஒரு விரல்பலகைக்கு வேண்டிய துண்டு அதிலேயே இருக்கும். ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், இல்லாவிட்டால் மரம் அறுப்பவர் வாயில் வசவு வாங்கவேண்டியிருக்கும்.

பழைய மரத்தைத் தேடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புது ஈட்டி மரம் அவ்வளவு சுலபமான சரக்கு இல்லை. நீலகிரி, வால்பாறை, வயநாடு மலைகளில் வளரும் மரம், வளர்வதும் மெதுவாக. அதைக் காப்பாற்றத் தமிழ்நாடு 1994-ல் ஒரு தனிச் சட்டமே கொண்டுவந்தது. உலக அளவில் 2017 ஜனவரி 2 முதல் ரோஸ்வுட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. கிட்டாரை எல்லை தாண்டி விற்றாலே தாள் கேட்டார்கள். ஃபெண்டர் தன் மெக்சிகோ கிட்டார்களில் ரோஸ்வுட்டை விட்டுவிட்டு பாவ் ஃபெர்ரோ மரத்துக்கு மாறியது. 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. மரத்துக்கான கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது.

விரல்பலகைக்காகப் போலீஸ் வந்த கதையும் உண்டு. 2011 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்காவில் கிப்சன் கம்பெனியின் தொழிற்சாலைகளுக்குள் ஆயுதத்தோடு அதிகாரிகள் நுழைந்தார்கள். தேடியது இந்தியாவிலிருந்து போன ரோஸ்வுட், எபோனி விரல்பலகைத் துண்டுகளை! அறுத்த மரத்தை ஏற்றுமதி செய்ய இந்தியச் சட்டம் தடை விதிக்கிறது, வாத்தியத்தின் பாகம் என்றால் அனுமதிக்கிறது. ஃப்ரெட்டுக்குக் கீறாத ஒரு வெறும் பலகைத்துண்டு, மரமா, வாத்தியப் பாகமா? இதுதான் வழக்கு. 2012 ஆகஸ்டில் சமரசம் ஆனது. மடகாஸ்கர் எபோனி வாங்கிய விவகாரத்தில் கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. இந்திய மரத்தைப் பற்றிய சட்டம் தெளிவாக இல்லை என்று அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டு அந்த மரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

எபோனி கதை இன்னும் சங்கடம். 2011-ல் டெய்லர் கம்பெனி கேமரூனில் ஒரு எபோனி ஆலையை வாங்கியபோதுதான் அதன் முதலாளி பாப் டெய்லருக்குத் தெரிந்தது, முழுக் கறுப்பு மரம் ஒன்று கிடைக்கப் பத்து மரத்தை வெட்டுகிறார்கள், கோடு விழுந்த மற்ற ஒன்பதைக் காட்டிலேயே போட்டுவிட்டு வருகிறார்கள் என்று. அந்த ஒன்பதும் சத்தத்தில் எந்தக் குறையும் இல்லாதவை. நிறம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு கோடு விழுந்த எபோனியையும் தன் கிட்டார்களில் போட ஆரம்பித்தார். மெழுகில் கரித்தூளைக் கலந்து கறுப்பாக்கிக்கொண்ட ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம்.

ஆக, தஞ்சாவூரில் இருந்துகொண்டு பேஸ் செய்ய நினைப்பவன் முதலில் முடிவு செய்யவேண்டியது மரத்தை இல்லை, ஃப்ரெட் வேண்டுமா வேண்டாமா என்பதை. ஃப்ரெட் உண்டு என்றால் பழைய வீட்டு ஈட்டி மரம், வளையம் செங்குத்தாக நிற்கும் துண்டு. அது கிடைக்காவிட்டால் மேப்பிளும் மோசமில்லை, மழை மாசத்தில் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைக் கொஞ்சம் திருகித் திருத்திக்கொள்ளத் தெரிந்திருக்கவேண்டும். பலா மரத்தில் பலகை போட்டால் என்ன என்று ஆசை வரும். ஃப்ரெட்டைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஈட்டியைவிட மெத்து, விரல் ஓடும் இடத்தில் சீக்கிரம் குழி விழும். பலாவை உடம்புக்குப் போடலாம், அதற்கு அது பழகிய மரம். ஃப்ரெட் இல்லாத பேஸ் என்றால் கருங்காலியோ, ஈட்டியின்மேல் எபாக்சியோ, இரண்டும் வேண்டாமென்றால் காகிதத்தையும் ரெசினையும் சேர்த்து அழுத்திச் செய்யும் ரிச்லைட் பலகையோ போடலாம். கறுப்பாகவும் இருக்கும், ஐப்பசியிலும் ஊதாது. கம்பிக்கு ஃபிளாட்வவுண்ட் போட்டால் மரம் இன்னும் பல வருஷம் தாங்கும்.

வாங்கும் துண்டை உடனே கழுத்தில் ஒட்டிவிடாமல், வீட்டில் வாசிக்கும் அறையிலேயே ஒரு மழைக்காலம் சும்மா கிடக்கவிட்டு, தை மாசம் காய்ந்ததும் ஒரு நேர்க்கோலை வைத்துப் பார்த்து, வளையாமல் இருந்தால் ஒட்டலாம்.